அவுட் பாராமீட்டர் உள்ள புரொசீஜரை வேறு மொழிக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நிரலை இன்னொரு மொழியில் திருப்பி எழுதும்போது உள்ளே கணக்குப் போடும் வரிகள் அதிகம் தொல்லை தருவதில்லை. புரொசீஜரின் (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் பகுதியின்) தலைப்பு வரிதான் மாட்டிவிடுகிறது. அந்த வரியில் பட்டியலிடப்படும் மாறிகளான பாராமீட்டர்களில் எது மதிப்பைக் கொண்டு வருகிறது, எது கொண்டு போகிறது, எது இரண்டையும் செய்கிறது என்பதில்தான் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வருகின்றன. அவற்றை எளியதிலிருந்து சிக்கலானது வரை இங்கே தொகுத்திருக்கிறோம்.

பல பதில்களில் ஒரே உதாரணம் வரும்: வகு(எண், வகுத்தி, ஈவு, மீதி). வகுத்தி பூஜ்யம் என்றால் இது எதையும் எழுதாமல் ‘பொய்’ என்று திருப்பும். இல்லையென்றால் ஈவையும் மீதியையும் எழுதிவிட்டு ‘மெய்’ என்று திருப்பும். 17, 5 கொடுத்தால் ஈவு 3, மீதி 2.

1. அவுட் பாராமீட்டர்னா என்ன? ரிட்டர்ன் பண்றதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

ரிட்டர்ன் என்பது புரொசீஜர் முடியும்போது ஒரு மதிப்பைக் கையில் கொடுப்பது. அதை எங்கே வைப்பது என்று அழைத்த நிரல் முடிவு செய்யும். அவுட் பாராமீட்டரில் அழைக்கும் நிரல் முன்கூட்டியே ஓர் இடத்தைக் காட்டிவிடுகிறது: ‘விடையை இங்கே எழுது’. ‘வகு’வில் ஈவு, மீதி இரண்டும் அப்படிப்பட்டவை.

முடிவில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நடுவில் வித்தியாசம் உண்டு. காட்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு மதிப்பு இருக்கலாம். புரொசீஜர் அதை எழுதாமலே விடலாம், பாதியில் எழுதிவிட்டுத் தவறி விழலாம். ரிட்டர்னில் இந்த மூன்றுக்குமே இடமில்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

2. இன், அவுட், இன்-அவுட்: ஒவ்வொரு மொழியும் இதை எப்படி எழுதுது?

மதிப்பை உள்ளே கொண்டு வருவது இன், வெளியே கொண்டு போவது அவுட், இரண்டையும் செய்வது இன்-அவுட். ஏடா மொழி மூன்றையும் பெயர் சொல்லிப் பிரிக்கிறது. ஏடா 83-இல் அவுட் பாராமீட்டரைப் படிக்கவே முடியாது, எழுத மட்டுமே முடியும். ஏடா 95 அதைத் தளர்த்தியது. ஃபோர்ட்ரான் 90 ‘இன்டென்ட்’ என்ற சொல்லோடு அதே மூன்றைத் தருகிறது; அதில் அவுட் என்று குறித்த மாறியின் பழைய மதிப்பை உள்ளே நுழைந்த பிறகு நம்பக் கூடாது. ஆரக்கிளின் பிஎல்/எஸ்க்யூஎல்லும் இதே வழிதான், அவுட் மாறி உள்ளே நுழையும்போது நல் (null, மதிப்பே இல்லாத நிலை) ஆக இருக்கும். சி ஷார்ப் இரண்டாகப் பிரிக்கிறது: ‘ரெஃப்’ இன்-அவுட், ‘அவுட்’ வெளியே மட்டும். அவுட் மாறிக்கு மதிப்பு கொடுக்காமல் புரொசீஜரை விட்டு வெளியேற அதன் கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) விடாது.

மற்றவை பெயரைப் பார்த்துப் புரிந்துகொள்ள விடாதவை. பாஸ்கலின் ‘வார்’, சி++ இன் ரெஃபரன்ஸ், சி-யின் பாயின்டர் (மாறி இருக்கும் இடத்தின் விலாசம்) மூன்றும் ‘மாற்றலாம்’ என்று மட்டுமே சொல்கின்றன; அவுட்டா இன்-அவுட்டா என்று சொல்வதில்லை. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் டி-எஸ்க்யூஎல்லில் ‘அவுட்புட்’ என்று எழுதியிருந்தாலும் அது நடைமுறையில் இன்-அவுட்தான், உள்ளே அனுப்பிய மதிப்பை அந்தப் புரொசீஜர் படிக்க முடியும். சொல்லைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான் அதிகம்.

3. மொழிமாற்றத்தை எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

புது மொழியில் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன், ஒவ்வொரு பாராமீட்டரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். புரொசீஜர் அதை எழுதுவதற்கு முன்பு படிக்கிறதா? வெளியேறும் எல்லா வழியிலும் அதை எழுதுகிறதா? எழுதிய மதிப்பு வெளியே எப்போது தெரியவருகிறது, உடனேயா, முடிந்த பிறகா?

முதலில் படிக்கிறது என்றால் அது இன்-அவுட். புது வடிவத்தில் உள்ளீடாகவும் வர வேண்டும், விடையாகவும் போக வேண்டும். படிப்பதில்லை, எல்லா வழியிலும் எழுதுகிறது என்றால் அது சுத்தமான அவுட். ரிட்டர்ன் மதிப்பாக மாற்றிவிடலாம். படிப்பதில்லை, ஆனால் சில வழிகளில் மட்டும் எழுதுகிறது என்றால் அதைத் தனியாகக் குறித்துவையுங்கள் (கேள்வி 9). ‘வகு’வில் ஈவும் மீதியும் இந்த மூன்றாவது வகை, ஏனென்றால் பூஜ்யத்தில் அவை தொடப்படுவதில்லை.

அடுத்து, புரொசீஜரை அழைக்கும் எல்லா இடங்களையும் தேடிப் பாருங்கள். பாதி உண்மை அங்கேதான் இருக்கும். உள்ளே இருக்கும் நிரலை மட்டும் படித்துவிட்டு மாற்றினால், அழைக்கும் இடம் எதை நம்பியிருந்தது என்பது தெரியாமலே போகும்.

4. சி-யில எல்லாமே நட்சத்திரக் குறிதான். எது உள்ள வருது, எது வெளிய போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

‘கான்ஸ்ட்’ (மாற்றக் கூடாது என்ற குறி) போட்ட பாயின்டர் உள்ளீடு. அது எளிது. கான்ஸ்ட் இல்லாவிட்டால் அவுட் என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய நிரல்களில் கான்ஸ்ட் போடாமல் விட்டவை ஏராளம். அந்தப் பாயின்டரை வைத்து மதிப்பு முதலில் எடுக்கப்படுகிறதா, வைக்கப்படுகிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். கூட்டல்-சமம், ஒன்று கூட்டும் இரட்டைக் கூட்டல் குறி ஆகியவை படித்துவிட்டு எழுதுபவை என்பதால் அவை இருந்தால் இன்-அவுட். அந்தப் பாயின்டர் இன்னொரு ஃபங்ஷனுக்கு அப்படியே போனால் அங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும்.

உள்ளே ‘நல் இல்லையென்றால் எழுது’ என்ற சோதனை இருந்தால் அது விருப்ப அவுட். சி-யின் நிலையான நூலகத்தில் ‘ஸ்ட்ர்டோல்’ ஃபங்ஷனின் இரண்டாவது பாராமீட்டர் அப்படி: எண் எங்கே முடிந்தது என்று தெரிய வேண்டியவர் இடம் கொடுப்பார், வேண்டாதவர் நல் கொடுப்பார். ரிட்டர்னாக மாற்றும்போது இதை எப்போதும் திருப்பிவிடலாம், வேண்டாதவர் எடுக்காமல் விடட்டும். அதைக் கணக்கிட நிறைய நேரம் ஆகும் என்றால் மட்டும் இரண்டு ஃபங்ஷனாகப் பிரியுங்கள்.

5. ஜாவாவுல ஆப்ஜெக்ட் எல்லாம் ரெஃபரன்ஸாதானே போகுது? அப்ப அவுட் தானா வேலை செய்யணுமே?

செய்யாது. ஜாவா எல்லாவற்றையும் மதிப்பாகவே அனுப்புகிறது. ஆப்ஜெக்ட்டுக்கு அந்த மதிப்பு ஒரு ரெஃபரன்ஸ், அவ்வளவுதான். விலாசம் எழுதிய துண்டுச்சீட்டின் நகலைக் கொடுத்தது போல. நகலை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் உள்ளே இருப்பதை மாற்றலாம். நகலில் வேறு விலாசம் எழுதினால் கொடுத்தவரின் சீட்டு மாறாது.

ஆகவே மெத்தடுக்குள் பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால் வெளியே தெரியும். அதே பாராமீட்டருக்குப் புதிய பட்டியலை வைத்தால் வெளியே ஒன்றும் நடக்காது, கம்பைலரும் எச்சரிக்காது. பாஸ்கலில் ‘வார்’ போட்ட மாறிக்குப் புது ஆப்ஜெக்ட் வைக்கும் வரியை அப்படியே ஜாவாவுக்குக் கொண்டுவந்தால் இதுதான் விளைவு. பைத்தானும் இதில் ஜாவா மாதிரியேதான்.

6. அப்ப ஜாவாவுல எப்படித்தான் எழுதறது? ஒரே ஒரு இடம் உள்ள அரே போட்டா போதுமா?

ஓடும். தானாக மாற்றித் தரும் கருவிகள் பெரும்பாலும் அதைத்தான் தருகின்றன. ஆனால் அது படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை: இரண்டு இட அரேயா, ஒரு இட அரேயா, உள்ளீடா, வெளியீடா என்று ஒவ்வொரு முறையும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தற்காலிகப் பாலமாக வைத்துக்கொள்ளுங்கள், நிரந்தரமாக வேண்டாம்.

2021-இல் வந்த ஜாவா 16 முதல் ‘ரெக்கார்ட்’ நிலையான வசதியாக இருக்கிறது. ஈவு, மீதி என்று இரண்டு புலங்கள் கொண்ட ஒரு ரெக்கார்டை ஒரே வரியில் அறிவித்து அதைத் திருப்புவதே சரியான வழி. பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டவர்கள் மாறாத புலங்கள் கொண்ட சிறு கிளாஸ் எழுதிக்கொள்ளலாம். இன்-அவுட் என்றால் பழைய மதிப்பு சாதாரணப் பாராமீட்டராக உள்ளே போகும், புது மதிப்பு ரெக்கார்டில் வெளியே வரும்.

7. பைத்தான்ல டப்பிளா திருப்பிட்டா வேலை முடிஞ்சுதுதானே?

பெரும்பாலும் ஆம். டப்பிள் என்பது பல மதிப்புகளை ஒரே தொகுப்பாகத் திருப்பும் வழி. இரண்டு பொறிகளை மட்டும் தாண்ட வேண்டும். முதலாவது, பழைய நிரலில் ‘வகு’ மெய்/பொய் திருப்பியது. அழைத்தவர்கள் ‘வகு வெற்றி என்றால்’ என்று நேராக நிபந்தனையில் வைத்திருப்பார்கள். நீங்கள் இப்போது வெற்றி, ஈவு, மீதி மூன்றையும் டப்பிளாகத் திருப்புகிறீர்கள். காலியில்லாத டப்பிள் பைத்தானில் எப்போதும் மெய். உள்ளே இருப்பது (பொய், 0, 0) ஆனாலும் நிபந்தனை மெய்தான். பிழைச் செய்தி எதுவும் வராது, பூஜ்யத்தால் வகுத்ததும் வெற்றியாகவே போகும். அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் டப்பிளைப் பிரித்து வாங்கிய பிறகே சோதிக்க வேண்டும்.

இரண்டாவது பொறி அவுட் பாராமீட்டரைச் சேர்ந்தது அல்ல, ஆனால் கூடவே வருவது. −17-ஐ 5-ஆல் வகுத்தால் சி-யிலும் ஜாவாவிலும் ஈவு −3, மீதி −2. பைத்தானின் முழுஎண் வகுத்தலில் ஈவு −4, மீதி 3. இரண்டும் கணக்குப்படி சரியே, ஆனால் ஒன்றல்ல. வடிவத்தை மாற்றும் கவனத்தில் இது நழுவிப்போகும்.

8. எத்தனை மதிப்பு வரைக்கும் டப்பிளா திருப்பலாம்?

இரண்டு, தாங்கும். மூன்று, யோசியுங்கள். அதற்கு மேல் பெயருள்ள புலங்கள் கொண்ட ரெக்கார்டோ ஸ்ட்ரக்ட்டோ போடுங்கள். எண்ணிக்கையைவிட வகை முக்கியம்: ஈவும் மீதியும் இரண்டுமே முழுஎண், வாங்கும் இடத்தில் வரிசை மாறிவிட்டால் எந்தக் கம்பைலரும் கண்டுபிடிக்காது. ஒரே வகையில் இரண்டு இருந்தாலே பெயர் கொடுப்பது நல்லது.

9. சில வழியில மட்டும் எழுதுற அவுட்டை என்ன பண்றது? வெற்றி/தோல்வி ஃபிளாக்கையும் சேர்த்துத் திருப்பணுமா?

எழுதாமல் விட்டால் அழைத்தவரிடம் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மாதிரி பாருங்கள்: அழைக்கும் நிரல் ‘காத்திருப்பு = 30’ என்று வைத்துவிட்டு, அமைப்புக் கோப்பைப் படிக்கும் புரொசீஜருக்கு அந்த மாறியின் விலாசத்தை அனுப்புகிறது. கோப்பில் அந்த வரி இருந்தால் மதிப்பு மாறும், இல்லாவிட்டால் 30 அப்படியே நிற்கும். உள்ளே பார்த்தால் இது அவுட். ஒரு இடத்திலும் படிக்கப்படவில்லை. உண்மையில் இது இன்-அவுட். சுத்தமான அவுட்டாக நினைத்து மாற்றினால் கோப்பில் வரி இல்லாதபோது 30-க்குப் பதில் 0 வரும். இப்படிப்பட்டதற்கு இயல்பு மதிப்பை உள்ளீடாக வாங்குங்கள், அல்லது ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய விருப்ப வகையைத் திருப்பி, 30-ஐ அழைக்கும் இடத்திலேயே நிரப்புங்கள்.

‘வகு’ போல ஃபிளாக் உள்ளதற்கு ஃபிளாக்கை அப்படியே சுமக்கத் தேவையில்லை. ‘விடை உண்டு அல்லது இல்லை’ என்பதைச் சொல்ல ஜாவாவில் ஆப்ஷனல், சி++17 முதல் ஸ்டாண்டர்ட் ஆப்ஷனல், ரஸ்ட்டில் ஆப்ஷன் இருக்கின்றன. ஏன் தோற்றது என்ற காரணமும் வேண்டுமென்றால் ரஸ்ட்டின் ரிசல்ட், சி++23-இன் எக்ஸ்பெக்டட். கோ மொழியில் விடையும் பிழையும் சேர்ந்து இரண்டு மதிப்பாகத் திரும்புவதே வழக்கம்.

சி ஷார்ப்பின் ‘ட்ரை பார்ஸ்’ வகை மெத்தட்களை மாற்றும்போது ஒரு நுணுக்கம்: தோற்றால் அவை அவுட் மாறியில் பூஜ்யத்தை வைத்துவிடும், பழைய மதிப்பு நிற்காது. அந்தப் பூஜ்யத்தை நம்பி ஃபிளாக்கையே பார்க்காமல் ஓடும் நிரல்கள் உண்டு. அவற்றுக்கு விருப்ப வகை கொடுத்தால் ‘இல்லையென்றால் 0’ என்று அழைக்கும் இடத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

10. புரொசீஜருக்கு நடுவுல நாலு இடத்துல ரிட்டர்ன் இருக்கு. எல்லாத்தையும் மாத்தணுமா?

ஆம். அவுட் வடிவத்தில் வெறும் ரிட்டர்ன் போதும், மதிப்புகள் ஏற்கெனவே வெளியே எழுதப்பட்டிருக்கும். புது வடிவத்தில் ஒவ்வொரு ரிட்டர்னும் எல்லா மதிப்புகளையும் சுமந்து வர வேண்டும். பாதுகாப்பான வழி: அவுட் பெயர்களிலேயே உள்ளூர் மாறிகளைத் தொடக்கத்தில் அறிவித்து, நடு வரிகளைத் தொடாமல், ரிட்டர்ன்களை மட்டும் மாற்றுவது. கோ மொழியில் ரிட்டர்ன் மதிப்புகளுக்கே பெயர் கொடுக்கலாம் என்பதால் வெறும் ரிட்டர்னை அப்படியே விட்டுவிடலாம். இதற்கு அது அருமையாகப் பொருந்தும்.

11. பட்டியலை அனுப்பினா அதுல நிரப்பித் தர்ற புரொசீஜர் இருக்கு. புதுப் பட்டியலைத் திருப்பினா சரிதானே?

அது பட்டியலைக் காலி செய்துவிட்டு நிரப்புகிறதா, இருப்பதன் மேல் சேர்க்கிறதா என்று பாருங்கள். காலி செய்தால் தாராளமாகப் புதுப் பட்டியல் திருப்பலாம். மேலே சேர்த்தால், யாராவது ஒரு லூப்பில் அதே பட்டியலை மீண்டும் மீண்டும் அனுப்பிச் சேகரித்திருப்பார்கள். புதுப் பட்டியலைத் திருப்பி அதே மாறியில் வைத்தால் கடைசிச் சுற்றின் விடைகள் மட்டுமே மிஞ்சும். அந்த இடங்களில் திரும்பியதைப் பழையதோடு இணைக்கும் வரி சேர வேண்டும்.

இன்னொரு பட்டியல் மாறியும் அதே ஆப்ஜெக்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தால், உதாரணமாகத் திரையில் காட்டும் பகுதி அதைப் பிடித்து வைத்திருந்தால், புதுப் பட்டியல் அதற்குத் தெரியவே தெரியாது. அங்கே நிரப்பும் வடிவத்தையே விட்டுவைப்பது நல்லது.

12. ஒரே வேரியபிளை ரெண்டு பாராமீட்டருக்கும் அனுப்பியிருக்காங்க. அது தப்பா?

எப்போதும் தப்பல்ல, எப்போதும் ஆபத்து. ஒரு புரொசீஜர் முதல் பாராமீட்டரில் 1-ஐயும் இரண்டாவதில் 10-ஐயும் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 உள்ள ஒரே மாறியை இரண்டுக்கும் அனுப்புங்கள். ரெஃபரன்ஸாக அனுப்பும் மொழியில் 5 என்பது 6 ஆகி, பிறகு 16 ஆகும். நகல் எடுத்து உள்ளே அனுப்பி, முடிந்ததும் நகலைத் திருப்பி வைக்கும் மொழியில் ஒரு நகல் 6, இன்னொன்று 15. இடமிருந்து வலமாகத் திருப்பி வைத்தால் மாறியில் நிற்பது 15, வலமிருந்து வைத்தால் 6. ஒரே நிரலுக்கு மூன்று விடை.

இதை மொழிகள் வெவ்வேறாகக் கையாள்கின்றன. ரஸ்ட், ஸ்விஃப்ட் இரண்டும் இப்படி அழைக்கவே விடாது. ஃபோர்ட்ரான் இதைத் தடை செய்கிறது, ஆனால் கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பைக் கம்பைலருக்குக் கொடுப்பதில்லை. இப்படி நடக்காது என்று நம்பியே அது வேகத்தைக் கூட்டும். சி++, பாஸ்கல் அனுமதிக்கும். டெல்ஃபியில் இன்னும் நுணுக்கம்: சரம் போன்ற வகைகளில் அவுட் மாறி அழைப்புக்கு முன்பே காலி செய்யப்படுகிறது. ஒரே சரத்தைக் கான்ஸ்ட் உள்ளீடாகவும் அவுட்டாகவும் அனுப்பினால், படிக்கப்படுவதற்கு முன்பே உள்ளீடு அழிந்துபோகும்.

ரிட்டர்ன் வடிவத்துக்கு மாறினால் இந்தக் குழப்பமே போய்விடும், அது இந்த மாற்றத்தின் பெரிய லாபம். ஆனால் பழைய விடை 16-ஐ எங்காவது யாராவது நம்பியிருக்கிறார்களா என்று அழைக்கும் இடங்களில் பார்த்துவிடுங்கள்.

13. அரேயோட ஒரு இடத்தை அவுட்டா அனுப்பினதை டப்பிள் அசைன்மென்டா மாத்தினேன், தப்பான இடத்துல போய் உக்காருது. ஏன்?

அழைப்பில் அரேயின் இட எண்ணும் அவுட்டாக இருக்கும். பைத்தானில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் இதை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம்:

இ = 0
பெட்டி = [0, 0]
இ, பெட்டி[இ] = 1, 2

முடிவில் பெட்டி [2, 0] அல்ல, [0, 2]. வலப்பக்கம் முழுதும் கணக்கிடப்பட்ட பின், இடப்பக்கம் ஒவ்வொன்றாக இடமிருந்து வலமாக வைக்கப்படுகிறது. ‘இ’ முதலில் 1 ஆகிவிடுகிறது. அதன் பிறகே பெட்டி[இ] எது என்று பார்க்கப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டும் இப்படித்தான். பாஸ்கலில் ‘வார்’ பாராமீட்டரின் இடம் அழைக்கும் நொடியிலேயே தீர்மானமாகிவிடும், அதனால் அங்கே பழைய ‘இ’தான். கோ மொழியும் இடப்பக்கத்து எண்களை முதலிலேயே கணக்கிட்டுவிடும், அங்கே இந்தச் சிக்கல் இல்லை. தீர்வு எளிது: தற்காலிக மாறிகளில் வாங்கி, முதலில் பெட்டியில் வையுங்கள், பிறகு ‘இ’-ஐ மாற்றுங்கள்.

14. பாதியில எக்ஸெப்ஷன் வந்தா அவுட் வேரியபிள்ல என்ன இருக்கும்?

சி ஷார்ப்பின் ரெஃப், அவுட், சி++ ரெஃபரன்ஸ், பாஸ்கலின் வார் ஆகியவற்றில் எழுதியது எழுதியதுதான். எக்ஸெப்ஷனை, அதாவது ஓட்டத்தை நடுவில் நிறுத்தும் பிழையை, பிடித்த இடத்தில் அந்தப் பாதி விடை தெரியும். பிஎல்/எஸ்க்யூஎல்லில் புரொசீஜர் ஒழுங்காக முடிந்தால் மட்டுமே அவுட் மதிப்பு வெளியே நகலாகும்; கையாளப்படாத எக்ஸெப்ஷனோடு வெளியேறினால் அழைத்தவரின் மாறி பழையபடியே இருக்கும். ‘நோகாப்பி’ என்று குறித்திருந்தால் அந்த உறுதி கிடையாது. ரிட்டர்ன் வடிவத்தில் எக்ஸெப்ஷன் வந்தால் அசைன்மென்ட்டே நடக்காது, ஆக அது பிஎல்/எஸ்க்யூஎல்லுக்கு நெருக்கம்.

சிக்கல் எங்கே என்றால், ‘எத்தனை வரிகள் ஏற்றப்பட்டன’ என்பது போன்ற எண்ணிக்கை. ஆயிரம் வரிகளை ஏற்றும் புரொசீஜர் 640-ஆவது வரியில் விழுந்தால், சி ஷார்ப் ரெஃப் மாறியில் 639 நிற்கும், பிடிக்கும் பகுதி அதை வைத்து மீண்டும் தொடங்கும். ரிட்டர்னாக மாற்றினால் அந்த 639 தொலைந்துவிடும். அந்த எண்ணை எக்ஸெப்ஷன் ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே வைத்து அனுப்புங்கள், அல்லது எக்ஸெப்ஷனை விட்டுவிட்டுப் பிழையையும் எண்ணிக்கையையும் சேர்த்துத் திருப்புங்கள்.

15. டேட்டாபேஸ் புரொசீஜரைக் கூப்பிட்டா அவுட்புட் ‘நல்’ (null) ஆவே வருது. எங்க தப்பு?

டி-எஸ்க்யூஎல்லில் ‘அவுட்புட்’ என்ற சொல் புரொசீஜரின் அறிவிப்பில் இருந்தால் மட்டும் போதாது, அழைக்கும் வரியிலும் இருக்க வேண்டும். விட்டுவிட்டால் பிழை வராது; மாறி பழையபடியே இருக்கும். இதுதான் முதல் சந்தேக நபர்.

டாட்நெட்டில் இருந்து ரீடர் மூலம் படித்தால், அவுட்புட் பாராமீட்டர்கள் ரீடரை மூடிய பிறகே நிரம்பும். மூடாமல் பார்த்தால் நல். நீளம் மாறக்கூடிய சர வகைக்குப் பாராமீட்டரின் அளவையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு 0 செல்லாது என்று எக்ஸெப்ஷன் வரும். ஜாவாவின் ஜேடிபிசியில் (டேட்டாபேஸோடு பேசும் வசதி) அவுட் பாராமீட்டரின் வகையை ஓட்டுவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். வரிசைத் தொகுப்புகள் ஏதாவது திரும்பினால் அவற்றை முதலில் முழுதும் படித்துவிட்டு அவுட் மதிப்புகளை எடுப்பதே எல்லா டிரைவரிலும் ஓடும் முறை. பைத்தானின் ‘கால்ப்ராக்’ கொடுத்த பட்டியலை மாற்றாது, மாற்றப்பட்ட நகலைத் திருப்பும். திரும்பியதை வாங்காமல் பழைய பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது.

16. ஆரக்கிள்ல இருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாத்தும்போது அவுட் அப்படியே வருமா?

பெயர் வரும், பொருள் மாறும். போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷனில் அவுட் என்று எழுதினால் அது விடையின் ஒரு பத்தியாகிறது, அழைக்கும்போது அதற்கு எதையும் அனுப்புவதில்லை. ஒன்று இருந்தால் அந்த வகையே திரும்பும், பல இருந்தால் ஒரு ரெக்கார்ட் திரும்பும். ஆரக்கிளில் ஃபங்ஷன் ஒரு மதிப்பைத் திருப்பிக்கொண்டே அவுட் பாராமீட்டர்களும் வைத்திருக்க முடியும். போஸ்ட்கிரெஸில் இரண்டும் சேராது என்பதால் திருப்பிய மதிப்பையும் இன்னொரு அவுட்டாக ஆக்க வேண்டும்.

புரொசீஜர் என்பது போஸ்ட்கிரெஸ் 11-இல்தான் வந்தது, அப்போது இன்-அவுட் மட்டும். வெறும் அவுட் 14-இல் சேர்ந்தது. புரொசீஜரை ‘கால்’ என்று அழைக்கும்போது, ஃபங்ஷனைப் போல் அல்லாமல், அவுட்டின் இடத்திலும் ஏதாவது கொடுக்க வேண்டும். எஸ்க்யூஎல்லில் நல் கொடுத்தால் போதும், பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லுக்குள் மாறியைக் கொடுக்க வேண்டும்.

17. பஃபரும் நீளமும் சேர்ந்து வர்ற சி ஃபங்ஷனை எப்படி மாத்தறது?

அழைப்பவர் பஃபரையும் (விடையை நிரப்புவதற்கான நினைவிடம்) அதன் அளவையும் கொடுப்பார், ஃபங்ஷன் நிரப்பிவிட்டு நீளத்தைச் சொல்லும். முதல் தடவை நல் கொடுத்துத் தேவையான அளவைக் கேட்டு, இடம் ஒதுக்கி, இரண்டாம் தடவை நிரப்பச் சொல்வதும் உண்டு. சரமோ பைட் தொகுப்போ தானே வளரும் மொழிக்குப் போகும்போது இந்த மூன்றும் ஒரே ரிட்டர்னாகச் சுருங்கிவிடும். இரட்டை அழைப்பைத் தேடி நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் அதே வேலை இரண்டு தடவை நடக்கும்.

கடைசிப் பூஜ்ய எழுத்தைக் கணக்கில் சேர்க்கிறதா என்று பாருங்கள். சி99-இன் ‘எஸ்என்பிரின்ட்எஃப்’ சேர்க்காத நீளத்தைத் திருப்பும், ஆனால் அதற்குக் கொடுக்கும் அளவில் அது சேர்ந்திருக்க வேண்டும். வேறு பல நூலகங்கள் நேர்மாறாக நடக்கும். பஃபர் போதாதபோது வெட்டிக் கொடுத்ததா, எதுவும் எழுதாமல் விட்டதா என்பதும் ஒப்பந்தத்தின் பகுதிதான்.

18. தலைகீழா, பல மதிப்பு திருப்புற கோ ஃபங்ஷனை சி-க்குக் கொண்டுபோகணும்னா?

பிழைக் குறியீட்டை ரிட்டர்னாக வையுங்கள், மற்ற எல்லாவற்றையும் பாயின்டர் வழியே எழுதுங்கள். உள்ளூர் மாறிகளில் கணக்கை முடித்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு கடைசியில் ஒரே இடத்தில் பாயின்டர்களில் எழுதினால், ‘தோற்றால் எதுவும் மாறாது’ என்ற உறுதியும், கேள்வி 12-இன் குழப்பத்திலிருந்து பாதுகாப்பும் சேர்ந்தே கிடைக்கும். திரும்புவது சரம் அல்லது வேறு பெரிய தொகுப்பு என்றால், நினைவகத்தை யார் ஒதுக்குவது, யார் விடுவிப்பது என்று தலைப்புக் கோப்பிலேயே எழுதிவையுங்கள். கோ மொழியில் அந்தக் கேள்வியே எழாததால் இது எளிதில் விட்டுப்போகும்.

19. சி ஷார்ப்ல மெத்தடை அசிங்க் ஆக்கினதும் அவுட்டை ஏத்துக்க மாட்டேங்குது.

ஏற்காது. அசிங்க் மெத்தட் பாதியில் நின்று பிறகு தொடரும். அதற்குள் அழைத்தவரின் உள்ளூர் மாறி இருந்த இடம் இல்லாமலே போயிருக்கலாம். அதனால் ரெஃப், அவுட், இன் மூன்றுமே அங்கே தடை. டப்பிளையோ ரெக்கார்டையோ டாஸ்க்கின் விடையாகத் திருப்புங்கள். ஒரு இட அரேயை அனுப்பித் தப்பிக்கலாம், ஆனால் வேலை முடிவதற்கு முன்பே யாராவது அதைப் படித்துவிடலாம் என்பதால் வேண்டாம்.

20. பழைய விபி6 நிரல்ல பைரெஃப்னு எங்கயும் எழுதலையே, ஆனா வேரியபிள் மாறுது?

விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) எதுவும் எழுதாவிட்டால் பைரெஃப்தான், அதாவது மாறியே உள்ளே போகும். விபி டாட்நெட்டில் எதுவும் எழுதாவிட்டால் பைவால், மதிப்பின் நகல் மட்டுமே போகும். வரிகளை அப்படியே நகலெடுத்தால் மாறிக்கொண்டிருந்த மாறிகள் மாறாமல் நின்றுவிடும். விபி6-இல் ‘கால்’ இல்லாமல் அழைக்கும்போது ஒற்றைப் பாராமீட்டரை அடைப்புக்குறிக்குள் போட்டால் நகல்தான் போகும். அந்த அடைப்புக்குறியை அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். விபி டாட்நெட் ஒரு பிராப்பர்ட்டியையும் பைரெஃபாக ஏற்கும், முடிந்ததும் மதிப்பை அதில் திருப்பி வைக்கும். சி ஷார்ப் ஏற்காது, அங்கே உள்ளூர் மாறியில் வாங்கி நீங்களே பிராப்பர்ட்டியில் வைக்க வேண்டும்.

21. சரியா மாத்தியிருக்கோம்னு எப்படி உறுதி பண்றது?

பழைய புரொசீஜரை அழைப்பதற்கு முன் ஒவ்வொரு அவுட் மாறியிலும் விடையாக வரவே முடியாத ஒரு மதிப்பை வையுங்கள், −777 போல. பிறகு வேறொரு மதிப்போடு, −888 என்று வைத்து, அதே உள்ளீடுகளோடு இன்னொரு முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் −777, இரண்டாவதில் −888 வந்தால் அந்த வழியில் அது எழுதப்படவில்லை. இரண்டு ஓட்டத்திலும் ஒரே விடை என்றால் சுத்தமான அவுட். இரண்டும் வேறு, ஆனால் வைத்த மதிப்பும் இல்லை என்றால், உள்ளே எங்கோ படிக்கப்படுகிறது, இன்-அவுட். சி ஷார்ப் அவுட் போல மொழியே உறுதி தருவதற்கு இது தேவையில்லை. சி, பாஸ்கல், பழைய விபிக்கு இது கண்ணாடி போலக் காட்டிவிடும்.

உள்ளீடுகளில் ஒவ்வொரு ரிட்டர்ன் வழியும் ஒரு தடவையாவது தொடப்பட வேண்டும். ‘வகு’வுக்கு என்றால் 17 / 5, −17 / 5, 17 / −5, 0 / 5, 17 / 0. பழையதன் விடைகளைக் கோப்பில் எழுதிவைத்து, புதியதன் விடைகளை அதோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒரே மாறியை இரண்டு இடத்தில் அனுப்பும் சோதனையையும், எக்ஸெப்ஷன் வரும் சோதனையையும் தனியாகச் சேருங்கள். அவை சாதாரண உள்ளீடுகளில் வெளிப்படாது.